வீட்டுக்கொரு மண் ஆள்

கொன்றையேந்தல்,
திருவாடானை வழி.
ஜூலை 6

அக்கா யுவராணிக்குப் பூமிநாதன் எழுதுவது.

நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. போனில் பேசலாம்தான். ஆனால் போன வருடம் நான் கோபத்தில் அனுப்பிய குரல் பதிவை, மதுரைச் சிற்பக் கண்காட்சியில் ஒரு கழுதைப் பொம்மைக்குள் ஸ்பீக்கர் வைத்து ஓடவிட்டாய். அன்றிலிருந்து உனக்கு என் குரலைக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். இந்தக் காகிதத்தை வைத்து என்ன பொம்மை செய்கிறாய் என்று பார்க்கிறேன்.

கட்சி வேலையாக நான் வெளியூர் போயிருந்த நேரம் பார்த்து, உன் பொம்மைகளைக் குட்டியானை வண்டிகளில் ஏற்றி வந்து ரோட்டோரப் புஞ்சையில் இறக்கியிருக்கிறாய். அய்யா உன் பேருக்கு எழுதிவைத்த இடம், கேட்க எனக்கு உரிமை இல்லை, சரி. ஆனால் என்ன அது? பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர். கரைவேட்டி, தொந்தி, தோளில் துண்டு. கழுத்துக்கு மேலே தலை இல்லை, ஒரு ஓட்டை. அவரைச் சுற்றி முழங்கால் உயரத்தில் மண் ஆட்கள், ஆணும் பெண்ணுமாக. முறம் மாதிரி காது. நீட்டிய கை. வாய் இருக்க வேண்டிய இடம் வழுவழுவென்று இருக்கிறது.

ஊரே கெக்கலி கொட்டுகிறது. நாற்காலிக்காரர் விரலில் இருக்கும் மோதிரம் அய்யாவுடையது. இப்போது என் விரலில் இருப்பது. ஊராட்சித் தலைவர் தேர்தலில் நான் நிற்கிறேன் என்று தெரிந்தேதான் செய்திருக்கிறாய். எதிரில் நிற்கும் முத்தழகுவின் ஆட்கள் அங்கே நின்று போட்டோ எடுக்கிறார்கள். உடனே எடுத்துவிடு. இல்லாவிட்டால் நானே டிராக்டரை விட்டு ஏற்றுவேன்.

பூமிநாதன்


புதுமடம்,
ஜூலை 11

அன்புத் தம்பி பூமிக்கு,

தலையே இல்லாத ஆளை மோதிரத்தை வைத்து நீ என்று கண்டுபிடித்திருக்கிறாய். நான் யாரையும் நினைத்துச் செய்யவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் தலையை விட்டதே, எந்தத் தேர்தலில் யார் வந்தாலும் பொருந்தட்டும் என்றுதான். உனக்கு முந்தியவர்களுக்கும் பொருந்தியிருக்கும். முத்தழகு ஜெயித்தால் அவருக்கும் பொருந்தும்.

அந்தச் சின்ன ஆட்களைப் பற்றி நீ கோபப்படவே இல்லை பார். அங்கேதான் எனக்கு வருத்தம். வீட்டுக்கு ஒன்று என்று கணக்காகச் செய்தேன். ரேஷன் கடை வரிசையில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் செய்தேன். எல்லாம் நம் ஊருணி மண். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊருணியில் பொம்மைக்கு மட்டும் மண் நிறையக் கிடைத்தது. அது தூர்ந்து, கருவேலம் மண்டிக் கிடக்கிறது; பெண்கள் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு ஓடுகிறார்கள். யாராவது ஒரு தலைவரைப் பார்த்து ஏன் என்று கேட்டார்களா? காது இருக்கிறது, கை நீள்கிறது, வாய் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நாற்காலிக்காரரை மட்டும்தான் சுட்டேன். சுற்றி இருப்பவர்கள் எல்லாம் பச்சை மண், வெயிலில் காய்ந்தவர்கள். முதல் மழையில் கரைந்துபோவார்கள். அவர் மட்டும் சேற்றுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பார். அதுவரைக்கும் பொறுத்துக்கொள். நீ டிராக்டரை ஏற்றினால் அதையும் போட்டோ எடுத்துக் கண்காட்சியில் வைப்பேன்.

பக்கத்து வீட்டு ஜஸீலா இன்று மீன் குழம்பு, அவள் பேச்சில் ஆணம், கொடுத்தனுப்பினாள். உன் நினைவு வந்தது. உனக்கு மீன் என்றால் உயிர் அல்லவா.

அக்கா


கொன்றையேந்தல்,
ஜூலை 30

அக்காவுக்கு,

பொம்மையை எடுக்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.

என்ன ஆனது என்று கேட்பாய். ஆடிக் காற்று ஏறியதும் உன் நாற்காலிக்காரர் பேச ஆரம்பித்துவிட்டார். கழுத்து ஓட்டையிலிருந்து ஒரு சத்தம். ஊளை என்றும் சொல்ல முடியாது, முனகல் என்றும் சொல்ல முடியாது. தூரத்துக் கூட்டத்தில் மைக்கில் யாரோ பேசுவதை வயலில் நின்று கேட்டால் எப்படி இருக்கும்? சொல் புரியாது, ஆனால் நமக்கு ஏதோ வாக்குக் கொடுக்கிறார்கள் என்று மட்டும் தெரியும். அப்படி இருக்கிறது.

காளவாசலில் செங்கல் தூக்கும் ஈஸ்வரியைத் தெரியும் அல்லவா? அவள் ஆடு காணாமல் போய்விட்டது. விளையாட்டாக இதன் முன்னால் போய், "ஏஞ் சாமி, என் வெள்ளாடு எங்கன போச்சு?" என்று கேட்டிருக்கிறாள். அவள் மேற்கே திரும்பியபோது சத்தம் வந்ததாம். மேற்கே போனாள், ஆடு கிடைத்தது. அவ்வளவுதான். சிரித்தவர்கள் எல்லாம் இப்போது செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார்கள். மாலை விழுகிறது, சூடம் எரிகிறது.

நேற்று மத்தியானம் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து நானும் போனேன். உன் மண் ஆட்களுக்கு நடுவே நின்றேன். நான் எதுவும் கேட்கவில்லை அக்கா. வாயைத் திறப்பதற்குள் அது ஆரம்பித்தது. வெகுநேரம் பேசியது. என்ன சொன்னது என்று தெரியவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

பூமி


புதுமடம்,
ஆகஸ்ட் 4

பூமி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு சிரிக்க முடியவில்லை.

மண் உருவைச் சுடும்போது உள்ளே இருக்கும் சூடு வெளியேற வழி வேண்டும். இல்லையென்றால் வெடித்துவிடும். அதற்குத்தான் கழுத்தைத் திறந்து விட்டேன். காலிப் பானையின் வாயில் ஊதினால் சத்தம் வருமே, அதுதான் இது. காற்று நின்றால் அவரும் வாயை மூடிக்கொள்வார். இதை ஊரில் எல்லாரிடமும் சொல். ஒரு பழைய சாக்கைச் சுருட்டிக் கழுத்தில் திணித்துவிடு.

நான் கேலி செய்யத்தான் செய்தேன். கும்பிடச் செய்யவில்லை. என் கையால் செய்த பொம்மைக்கு முன்னால் ஜனங்கள் செருப்பைக் கழற்றுவதா?

அக்கா


கொன்றையேந்தல்,
ஆகஸ்ட் 25

அக்காவுக்கு,

நீ சொன்னபடி சாக்குத் திணிக்கவில்லை. அதைவிட நல்ல வேலைக்கு உன் பொம்மை உதவுகிறது.

ஞாயிற்றுக்கிழமை புஞ்சையில் பந்தல் போட்டேன். வீட்டுக்கு ஒருவராக வந்தார்கள். நாற்காலிக்காரர் முன்னால் சூடம் ஏற்றி, உள்ளங்கையால் அணைத்து, ஓட்டு எனக்குத்தான் என்று சத்தியம் செய்தார்கள். நான் யாரையும் மிரட்டவில்லை. காற்றுதான் நன்றாக வீசியது. ஒருவர்கூடத் தவறவில்லை. ஓட்டுப் பெட்டிக்குள் யார் எதில் குத்தினார்கள் என்று எனக்குத் தெரியாமல் போகலாம், அவருக்குத் தெரியாமல் போகுமா? அவர்கள் அப்படித்தான் நம்புகிறார்கள்.

கடைசியில் ஈஸ்வரி மட்டும் நகராமல் நின்றாள். "சத்தியம் வாங்குறவுகளும் கை வைக்கணும்ல தம்பி? எங்களுக்கு என்ன செய்வீக?" என்றாள். கூட்டம் என்னையே பார்த்தது. ஐப்பசி மழைக்கு முன் ஊருணியில் மண்வெட்டியைப் போடுவேன் என்று சொல்லி நானும் சூடத்தை அணைத்தேன். "செயிச்சாலும் தோத்தாலுமா?" என்று கேட்டாள். "செயிச்சாலும் தோத்தாலும்!" என்று மைக்கிலேயே சொன்னேன். கைதட்டல் அடங்க நேரம் ஆனது. உள்ளங்கையில் ஒரு கொப்புளம், அவ்வளவுதான் சேதாரம்.

நீ கோபப்படுவாய் என்று தெரியும். ஆனால் ஒன்று கேட்கிறேன். இவர்களுக்கு வாய் இல்லை என்று மண்ணில் செய்து காட்டியது நீ. நான் அதை நம்பினேன். இதில் யார் மேல் உனக்குக் கோபம்?

பூமிநாதன்


புதுமடம்,
ஆகஸ்ட் 30

பூமி,

உன் கடைசிக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. கோபம் என் மேல்தான். அவர்களை வாயில்லாதவர்கள் என்று நினைத்ததில் நானும் நீயும் அக்காள் தம்பிதான், சந்தேகமே இல்லை.

ஆனால் அது கேலி, இது களவு. ஓட்டுப் போட ஒருத்தி மறைப்புக்குள் தனியாகப் போய் நிற்கும் அந்த ஒரு நிமிடம்தான் அவளுக்குச் சொந்தம். அதற்குள்ளும் நீ என் பொம்மையைக் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டாய். சத்தியத்தைத் திருப்பிக் கொடு. பந்தல் போட்ட இடத்திலேயே நின்று, நீங்கள் இஷ்டப்படி போடுங்கள் என்று சொல். அப்படிச் சொன்னால் உனக்கே ஓட்டு விழுந்தாலும் விழும்.

நான் வந்து உடைத்துவிடலாம். ஆனால் சத்தியம் வாங்கிய சாமியை உடைத்தால் அந்த ஜனங்கள் இன்னும் பயந்துபோவார்கள். நீதான் செய்ய வேண்டும்.

அக்கா


கொன்றையேந்தல்,
செப்டம்பர் 18

அக்கா,

இதைப் படித்துவிட்டுக் கேலி செய்யாதே.

போன வாரம் நல்ல மழை. இடியோடு சாயங்காலம் முழுக்கக் கொட்டியது. உன் மண் ஆட்கள் கரைந்திருப்பார்கள், புஞ்சையைச் சுத்தம் செய்துவிடலாம் என்று விடிந்ததும் போனேன். ஒருவர்கூடக் கரையவில்லை. எல்லாரும் குளித்துவிட்டு உட்கார்ந்திருப்பது போல இருந்தார்கள்.

நிறம் மாறியிருக்கிறது அக்கா. சாம்பல் பூத்த கறுப்பாக இருந்தவர்கள் சிவந்துபோயிருக்கிறார்கள். கிட்டே போய்ப் பார்த்தேன். நீட்டிய கைகளில், உள்ளங்கை நடுவில், கறுப்பாகத் தீய்ந்த வட்டம். ஒவ்வொரு கையிலும். என் கையில் இருக்கும் அதே வட்டம். பிறகு முகத்தைப் பார்த்தேன். எல்லாருக்கும் வாய் இருக்கிறது. கோணலும் மாணலுமாக, ஒன்று போல ஒன்று இல்லாமல், எல்லாம் திறந்த வாய்.

இன்னும் கேள். நீ வைத்தபோது எல்லாரும் நாற்காலிக்காரரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். இப்போது அவருக்கு முதுகைக் காட்டி, வடகிழக்கே, நம் வீட்டு மாடியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். முந்தியே சில நாள் ஒன்றிரண்டு குறைவது போல இருந்தது. அப்புறம் பார்த்தால் சரியாக இருக்கும், கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்துவிடுவேன். யாரைக் கேட்டாலும் "நாங்க பாக்கலியே" என்று முகத்தை வெறுமையாக வைத்துக்கொள்கிறார்கள். இப்போது ஊர்க்காரர்கள் முகத்துக்கும் அந்த மண் முகத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பயமாக இருக்கிறது என்று உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

நீ என்ன மண் கொண்டு செய்தாய்? என்ன செய்து வைத்தாய்?

பூமி


புதுமடம்,
செப்டம்பர் 23

பூமிக்குட்டி,

பயப்படாதே. பேய் பிசாசு எதுவும் இல்லை. பச்சை மண் சிவந்தால், மழைக்குக் கரையாவிட்டால், ஒரே காரணம்தான் உண்டு. அது நெருப்பில் போய் வந்திருக்கிறது. யாரோ எடுத்துப்போய்ச் சுட்டு, திரும்பக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

யார், எதற்கு என்று எனக்குத் தெரியும். முந்தாநாள் ஈஸ்வரி பஸ் ஏறி இங்கே வந்தாள். சேலைத் துணியில் சுற்றி, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு, ஒரு மண் ஆளைக் கொண்டுவந்தாள். தூக்கும்போது கை ஒடிந்துவிட்டதாம். "இத ஒட்டிக் குடு தாயி, இது கையில்லாம இருந்தா நான் கையில்லாம இருப்பேன்" என்றாள். ஒட்டிக் கொடுத்தேன். அப்புறம் எல்லாம் சொன்னாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். உன் சத்தியம் போல அல்ல, சும்மா வாய் வார்த்தையாகக் கேட்டாள். அதனால் நான் மீறமாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், தயவுசெய்து கேள். ஓட்டுப் போடும் நாளுக்கு முன்னால் ஊருணிக்குப் போ. ஆள் அம்பு, கொடி எதுவும் வேண்டாம். ஒரு மண்வெட்டியோடு தனியாகப் போய் ஒரு கூடை மண் எடு. நீ ஜெயிப்பதற்கு வேறு வழி இல்லை. ஜெயிக்காவிட்டாலும் உனக்கு இதுதான் வழி.

அக்கா


கொன்றையேந்தல்,
அக்டோபர் 12

அக்கா,

பேப்பரில் பார்த்திருப்பாய். முத்தழகு ஜெயித்துவிட்டார். எனக்கு விழுந்த ஓட்டு என் பந்தலில் சோறு தின்ற கூட்டத்தில் ஒரு பந்திக்குக்கூடக் காணாது. எண்ணும் மேசையில் சீட்டைப் பிரிக்கப் பிரிக்க எதிர்ச் சின்னத்திலேயே முத்திரை. முத்தழகு என்னைப் பார்க்கக் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஊருணிக்கு நான் போகவில்லை. ஜெயித்தபிறகு ஜேசிபி கொண்டுவந்து விழாவாக ஆரம்பிக்கலாம் என்று இருந்தேன்.

சத்தியம் செய்தவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் அக்கா. ஒருவருக்கும் ஒரு தலைவலிகூட இல்லை. எதிரே வந்தால் "என்ன தம்பி, சாப்பிட்டியளா?" என்று பிரியமாகக் கேட்கிறார்கள். ஒரு சொல் குத்தலாக இல்லை. எனக்குத்தான் கை ஆறவில்லை. ஆகஸ்டில் வந்த கொப்புளம் இன்னும் ஈரமாக இருக்கிறது. மருந்து போட்டால் உலர்ந்து, சாயங்காலம் மறுபடி ஈரமாகிறது.

காற்றும் மாறிவிட்டது. வாடை தொடங்கிவிட்டது. நாற்காலிக்காரர் வாயடைத்துவிட்டார், கழுத்தில் ஏதோ குருவி கூடு கட்டுகிறது. இப்போது மற்றவர்கள் பேசுகிறார்கள். எல்லா வாயும். உரக்க இல்லை, ரேஷன் கடை வரிசையில் ஜனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது போல. மாடியில் நின்றால் கேட்கிறது, கதவைச் சாத்தினாலும் கேட்கிறது. நீ சொன்ன பானைக் கதையை நூறு தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ஈஸ்வரி உன்னிடம் என்ன சொன்னாள்? இப்போதாவது சொல்.

பூமி


புதுமடம்,
அக்டோபர் 16

பூமி,

தேர்தல் முடிந்தது, இனிச் சொல்லலாம் என்று ஈஸ்வரியே சொல்லி அனுப்பிவிட்டாள்.

கை வலி தீர மண்ணில் ஒரு கை செய்து அய்யனார் கோயிலில் வைப்பார்கள் அல்லவா? கண் நோய்க்குக் கண், பிள்ளை வரத்துக்குப் பிள்ளை. நம் பாடுகளை அந்த மண் சுமந்துகொள்ளும். ஈஸ்வரி கேட்டாளாம்: "வலிக்கு மண்ணு வைக்கிறம், சத்தியத்துக்கு வச்சா ஆகாதா?" உன் பந்தல் பிரித்த மறுநாளே பேசி முடித்திருக்கிறார்கள். வீட்டுக்கு ஒன்று என்று நான்தான் செய்து தயாராக வைத்திருந்தேனே. பச்சை மண்ணைச் சாமி ஏற்காது, அதனால் செங்கல் வண்டியில் மறைத்துக் காளவாசலுக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். வாய் இல்லாதது எப்படிச் சத்தியம் செய்யும்? அதனால் சுடுவதற்கு முன் மண்ணை நனைத்து, அரிவாள் நுனியால் அவரவர் தன் ஆளுக்கு வாய் கீறினார்கள். பிறகு அதன் கையில் சூடம் வைத்து அணைத்து, சத்தியத்தை அதன் தலையில் ஏற்றினார்கள். சத்தியம் வாங்கியவரைப் பார்த்து உட்கார்ந்தால்தான் கணக்குத் தீரும் என்று உன் வீட்டைப் பார்க்க வைத்தார்கள். சத்தியத்தை அவர்கள் மீறவில்லை பூமி. அது அங்கே புஞ்சையில் உட்கார்ந்திருக்கிறது. மனிதர்கள் மட்டும் நடந்து போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்கள்.

இதைக் கேட்டு நான் அழுதேன். ரேஷன் வரிசையில் நின்று அத்தனை முகத்தையும் உற்றுப் பார்த்தவள் நான். வாய் மட்டும் என் கண்ணில் படவில்லை.

நீ அடுத்த கடிதத்தில் என்ன கேட்பாய் என்று தெரியும். உனக்கும் ஓர் உருச் செய்து அனுப்பச் சொல்வாய். உன் சத்தியத்தையும் அது சுமக்கட்டும் என்பாய். நான் ஈஸ்வரியிடம் கேட்டுவிட்டேன். "வாங்குனதத்தான் மண்ணு சுமக்கும் தாயி. தானா குடுத்தத சுமக்காது" என்றாள். அவர்களிடம் வாங்கியது நீ. நீயோ மைக்கைப் பிடித்து, யாரும் கையை முறுக்காமல், நீயாகக் கொடுத்தாய். ஜெயித்தாலும் தோற்றாலும் என்று கொடுத்தாய்.

மழை எந்த நாளிலும் வரலாம். எனக்கு நீ ஒருவன்தான் பூமி. போய் வெட்டு.

அக்கா


கொன்றையேந்தல்,
அக்டோபர் 27

அக்கா,

வெட்டுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

முதல் நாள் கருவேல முள்ளை அகற்றவே பொழுது போய்விட்டது. யாரும் உதவிக்கு வரவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை. வெட்டிவிட்டு நிமிர்ந்தபோது கரையில் ஒரு மண் ஆள் உட்கார்ந்திருந்தது. கை ஒட்டிய தழும்பு இருந்தது, ஈஸ்வரியுடையது. மறுநாள் இன்னும் சில வந்தன. யார் தூக்கி வைக்கிறார்கள் என்று பார்ப்பதற்காகக் குனிந்தபடியே கண்ணை ஓரத்தில் வைத்திருந்தேன். கரையில் ஆள் நடமாட்டமே இல்லை. நிமிர்ந்தால் ஒன்று கூடியிருக்கிறது. ஊரில் கேட்டேன். "நாங்க தூக்கலியே தம்பி" என்றார்கள். இந்தத் தடவை அவர்கள் முகத்தில் பயம் இருந்தது. அது பொய்யாகத் தெரியவில்லை.

புஞ்சையில் இப்போது நாற்காலிக்காரர் மட்டும்தான். நீ ஆசைப்பட்டபடி தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

கையில் கொப்புளம் காய்ந்துவிட்டது. மண்வெட்டி பிடித்துப் பிடித்துத் தோல் தடித்து, அந்த வட்டம் எது என்று எனக்கே தெரியவில்லை. இன்று மத்தியானம் அடியில் ஈரம் தட்டியது. ஒரு சந்தோஷத்தில், களைப்பாகவும் இருந்ததால், மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். சுற்றிப் பார்த்தேன். கரை முழுக்க நிறைந்துவிட்டார்கள். எல்லாரும் என்னைப் பார்த்து, வாயைத் திறந்துகொண்டு.

மேகம் கவிந்து, ஓர் இலைகூட அசையவில்லை. காற்று என்பதே இல்லை, அக்கா. பானையில் ஊதுவதற்கு ஒன்றுமே இல்லை. அப்படியும் சத்தம் வந்தது. ஒவ்வொரு வாயிலிருந்தும் வந்தது. எழுந்து மண்வெட்டியை எடுத்தேன், நின்றது. சோதித்துப் பார்க்க மறுபடி கீழே வைத்தேன், மறுபடி வந்தது.

நான் வெட்டும்போது அவர்கள் பேசுவதில்லை. அதனால் வெட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தைக்கூட இடது கையால் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். முடிந்தால் நீ வா. வரும்போது உனக்கும் ஒரு மண்வெட்டி கொண்டு வா.

பூமி